பதினேழாம் நம்பர் மலையில் நான் விழவே இல்லை

நான் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றவன். இதைச் சொன்னால் என் மருமகன் முதற்கொண்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். ரப்பர் மரம் வெட்டியவனுக்கு, பட்டையைச் சீவிப் பால் எடுத்தவனுக்கு, ஏது டெஸ்ட் என்று கேட்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மலேசியாவில் போர்டிக்சன் பக்கத்துச் சுவாவிலிருந்து உள்ளே செம்மண் பாதையில் நாலு மைல் போனால் எங்கள் தோட்டம். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஆடினால் அது மேட்ச். சனியும் ஞாயிறும் சேர்த்து இரண்டு நாள் ஆடினால் அது டெஸ்ட். அந்தப் பெயரை வைத்தது நாங்கள்தான். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

குழு எங்களுடையது என்று சொல்வதற்கில்லை. சுற்று வட்டாரத் தோட்டங்களின் கிராணிமார், அதாவது ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள், சேர்ந்து நடத்தியது அது. எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணிதான் கேப்டன். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே போனது ஆடுவதற்கு அல்ல. கிளப் மைதானத்தில் பந்து குத்தும் தரைமேல் கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடிப்பது என் வேலை. ஒரு ஞாயிறு பந்து வீசுகிறவர் வரவில்லை. பயிற்சிக்கு ஆள் வேண்டுமே என்று என் கையில் பந்தைக் கொடுத்தார்கள். மூன்றாவது பந்தில் பெரிய கிராணியின் நடு ஸ்டம்ப் பின்னால் போய் விழுந்தது. அவர் திரும்பி ஸ்டம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் வெள்ளைச் சட்ட போட்டுக்கிட்டு வாடா" என்றார். பந்து வீசினேன், ஐந்தாவது ஆளாக இறங்கி மட்டை பிடித்தேன், மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று கேட்ச் பிடித்தேன். ஆல்ரவுண்டர் என்றார்கள். மரம் வெட்டுகிறவர்களில் அந்தக் குழுவுக்குள் நுழைந்த முதல் ஆள் நான். இன்றைக்கும் எனக்கு அதில் கர்வம் உண்டு.

பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? என் உடம்புக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். வலது கணுக்கால் இரண்டு முறை, இடது முட்டி மூன்று முறை, காறை எலும்பு ஒரு முறை, விலா ஒரு முறை, சுண்டு விரலும் மோதிர விரலும் ஒவ்வொரு முறை. கடைசி டெஸ்டுக்கு முன்பு ஆக மொத்தம் ஒன்பது. ஒன்பதும் டெஸ்டில் பட்டவை, அதுவும் இரண்டாம் நாளில். முதல் நாள் என் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். ராத்திரி தூங்கி எழுந்தால் அது வேறு யாருடைய உடம்போ ஆகிவிடும்.

அடிபடுவது பெரிய விஷயமில்லை. அடிபட்ட இடத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். விளையாட்டில் அடிபட்ட தொழிலாளிக்கு எம்.சி., அதாவது மருத்துவ லீவுச் சீட்டு, கிடையாது என்று தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. எம்.சி. இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் வெட்டு. விஷயம் துரையின் காதுக்குப் போனால் தொழிலாளி ஆடுவதே நின்றுவிடும். வெள்ளைக்காரன் போய் வருடங்கள் ஆகியிருந்தன, மானேஜரைத் துரை என்பதை மட்டும் நாங்கள் விடவில்லை. இந்தச் சட்டம் கிராணிகளுக்குப் பொருந்தாது. பெரிய கிராணிக்கு விரல் பிசகினால் வெள்ளைக் கட்டோடு ஆபீசில் உட்கார்ந்து இடது கையால் கையெழுத்துப் போடுவார். வருகிறவர் போகிறவரெல்லாம் நலம் விசாரிப்பார்கள். அவரும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேட்சைத் திரும்பப் பிடித்துக் காட்டுவார்.

எனக்கு முதல் தடவை கணுக்கால் போனது போர்டிக்சன் ராணுவ முகாம் மைதானத்தில். திரும்பி வரும் லோரியில் பெரிய கிராணி என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கி வேலைக்கிப் போ. மலைல ரெண்டு மரம் வெட்டு. அப்புறம் வழுக்கி விழுந்துடு. வேலைல விழுந்தா எம்.சி. உண்டு. புரியுதா?"

புரிந்தது. என் நிரை, அதாவது நான் வெட்ட வேண்டிய மரங்கள், பதினேழாம் நம்பர் மலையில் இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலை வீங்கிய காலை ரப்பர் பூட்சுக்குள் திணித்துக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய் நின்றேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மலை ஏறி, இரண்டு மரம் வெட்டி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தேன். அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி, முன்பே பேசி வைத்தபடி, "ஐயோ, விழுந்துட்டாரே!" என்று கூவினாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஓடி வந்தார். உலகத்தில் விழுவதற்காக மலை ஏறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காறை எலும்பு முறிந்தபோதும் இப்படித்தான் ஏறினேன். அன்றைக்கு அவள் கூவியது நடிப்பில்லை.

டிரஸ்ஸர் விவரமான ஆள். தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் கையில்தான் இருந்தது. மூன்றாவது முறை என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரிவரியாகத் தோல் உரிந்திருந்தது.

"மலைல எந்த மரத்துல லா கயித்துப் பாய் காய்க்குது?" என்றார்.

அவர் பேனாவை எடுத்து, 'பதினேழாம் நம்பரில் வழுக்கி விழுந்தான்' என்று எழுதிவிட்டு அயோடின் தடவினார். நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷன் எழுதினாலும் பொய் பொய்தான். அந்தப் புத்தகத்தில் ஒன்பது வரிகள் அப்படிச் சேர்ந்தன.

எண்பதுகளில் புதிய துரை வந்தார். இளைஞர், கோலாலம்பூர்க்காரர், எதையும் படித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். வந்த மாதமே ஆஸ்பத்திரிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டியிருக்கிறார். ஒரே மலையில் ஒரே ஆள் இத்தனை முறை விழுந்தால் குற்றம் மலையுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே நன்றாகவே ஆடத் தெரிந்தவன், மலை கோணல் என்று துரையையே நம்ப வைத்துவிட்டேன். ஆறு பேர் மூன்று வாரம் மண்வெட்டி பிடித்து அந்த மலைக்குப் படி வெட்டினார்கள். செங்குத்தான இடத்தில் கம்பி கட்டினார்கள். அந்தத் தோட்டத்திலேயே ஒழுங்கான படி பதினேழாம் நம்பரில்தான் இருந்தது. பெண்கள் வாளி தூக்கிக்கொண்டு சிரமமில்லாமல் இறங்கினார்கள். அதுவரை எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

படி வெட்டிய பிறகும் நான் விழுந்தேன். அங்கேதான் கதை கெட்டது. படி இருக்கிறது, கம்பி இருக்கிறது, மழையும் இல்லை, இவன் எப்படி விழுகிறான்? நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் பேச்சு. கடைசியில் கோயில் பூசாரி வந்து மலையைச் சுற்றிப் பார்த்து, மேட்டில் நின்ற பழைய மரத்தடியைக் காட்டினார். அங்கே முனி இருக்கிறாராம். அவருடைய நடைபாதையில் நான் குறுக்கே நிற்கிறேனாம். ஒரு கல் நட்டார்கள், மஞ்சள் துணி சுற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், சேவல் அறுத்தார்கள். பூசாரி என் நெற்றியில் திருநீறு அள்ளிப் பூசினார். ஊரார் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் ஒரு கிரிக்கெட் மைதானத்தையே மலையில் மறைத்தேன், அதற்குக் காவலாக ஒரு சாமியும் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதிலிருந்து அந்த மலைக்குப் பெண்கள் தனியாகப் போவதில்லை. சூடம் கொளுத்தாமல் யாரும் கத்தியை எடுப்பதில்லை. என் மனைவியும் கொளுத்தினாள். அந்தப் பெண்களில் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான், கொளுத்தாமல் இருந்தால் மற்றவர்கள் என்னவென்று கேட்பார்களே. ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் வாளியை ணங்கென்று வைத்தாள்.

"ஒங்க வெளையாட்டுக்கு நான் சாமி கும்புட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க படுத்தா ஒங்க மரத்தையும் சேத்து வெட்டுறேன். அதுகூடப் பரவால்ல. அந்தப் பொம்பளைங்க பயந்து சாகுதுங்க, அது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா?"

தெரிந்தது. தெரிந்தும் ஆடினேன். ஏன் என்று கேட்டால், ராணுவ முகாமின் முதல் ஆட்டக்காரன், ஆறடி ஆள், என் பந்தை எதிர்கொள்ளும்போது மட்டையைத் தரையில் தட்டுவதை நிறுத்திவிடுவான். வேறு எங்கேயும் யாரும் எனக்காக எதையும் நிறுத்தியதில்லை. அதை விட எனக்கு மனம் வரவில்லை. இதற்காக நான் இன்றைக்கும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. பெண்கள் பயந்ததற்கு மட்டும் வெட்கப்படுகிறேன்.

கடைசி டெஸ்டும் போர்டிக்சனில்தான். எனக்கு அப்போது முப்பத்தாறு. சனிக்கிழமை நாற்பத்தொரு ஓட்டம் எடுத்தேன், பதினொரு ஓவர் வீசினேன். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடி வருகையில் இடது தொடையின் பின்பக்கம் சுருக்கென்று பிடுங்கியது. நிற்காமல் இன்னும் நாலு ஓவர் போட்டேன். ஐந்தாவதில் கால் தரையில் ஊன்ற மறுத்தது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அழவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

லோரியில் பெரிய கிராணி பழக்கப்படி வந்து உட்கார்ந்தார். அவருக்கும் அன்றைக்குக் கட்டைவிரலில் அடி, பெரிய கட்டு. அந்தக் கையாலேயே என் தோளைத் தட்டினார்.

"நாளைக்கி மலைல பாத்துக்கடா" என்றார். மழை வந்தால் குடை எடுத்துக்கொள் என்பது போலச் சொன்னார்.

வீட்டில் கால் கழுவக்கூட முடியவில்லை. மனைவி தண்ணீர் ஊற்றினாள்.

"இனிமே டெஸ்ட் ஆடமாட்டேன்" என்றேன்.

"மேட்ச்சு?"

"அது ஆடுவேன்."

அவள் இன்னொரு குவளை ஊற்றினாள். "அப்ப நாளைக்கி நீங்க விழணுமா?" என்றாள்.

"விழணும். இது கடைசி" என்றேன். அவள் குவளையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை பெரட்டு. விளக்கு வெளிச்சத்தில் மண்டோர் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒரு முறை துரை நேரில் வந்து நிற்பார், அன்றைக்கு வந்திருந்தார். பக்கத்தில் செக்ரோலோடு பெரிய கிராணி, கட்டைவிரலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. டிரஸ்ஸரும் இருந்தார். நான் ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து, யாருக்கும் தெரியாதபடி வரிசையில் நின்றேன்.

பதினேழாம் நம்பரில் ஒரு நிரை காலியாகியிருந்தது. அதை மண்டோர் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தார். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், நாலு மாதக் கர்ப்பம். மலையின் நம்பரைக் கேட்டதும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற எங்கயாச்சும் போடுங்க மண்டோரு. அந்த மலைக்கி நான் போகமாட்டேன். அந்த அண்ணன் எம்மாம் பலமான ஆளு, அவரையே ஒம்பது தடவ தூக்கிப் போட்டுருக்கு. என் வயித்துல புள்ள இருக்கு."

"போகலன்னா பேர வெட்டுவேன்" என்றார் மண்டோர். "நாளைக்கும் வராத."

அவள் எழுந்திருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரட்டில் இருந்த பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள், பரிதாபமாக. இன்னும் ஒரு மணி நேரத்தில் நான் மலையில் விழ வேண்டும். அவளுக்குக் கொடுத்த நிரை என் நிரைக்குக் கீழே. நான் பத்தாவது முறையாக விழப்போவதை அவள் கண்ணால் பார்ப்பாள். பெரிய கிராணி என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், பேசாமல் இரு என்று. அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

வரிசையை விட்டு வெளியே வந்தேன். நொண்டினேன், மறைக்கவில்லை.

"எந்திரி தாயி" என்றேன் அந்தப் பெண்ணிடம். "அந்த மலைல நான் ஒரு தடவகூட விழல. எல்லாம் பந்து வெளையாடி பட்டது. நேத்திக்கும் போர்டிக்சன் கிரவுண்டுல தொட பிடுங்கிக்கிச்சு. மலை மேல ஒரு தப்பும் இல்ல."

துரைக்குத் தமிழ் அரைகுறை. மண்டோர் மலாய் மொழியில் சொல்ல ஆரம்பித்து, சொல்ல முடியாமல் நிறுத்தினார். நானே மலாயில் சொன்னேன். ஒன்பதையும் எலும்பு எலும்பாகச் சொன்னேன். துரை டிரஸ்ஸரைப் பார்த்தார், டிரஸ்ஸர் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் ஏன் பொய் சொன்னாய்?" என்று கேட்டார் துரை.

நான் பெரிய கிராணியின் கட்டைவிரலைக் காட்டினேன். அவர் சட்டென்று கையை இறக்கினார்.

"ஐயாவோட வெரலு கிரவுண்டுல ஒடையலாம் துரை. என் காலு மலைல மட்டுந்தான் ஒடையலாமாம். அதான் ஒவ்வொரு தடவையும் மலைக்கித் தூக்கிட்டுப் போயி ஒடச்சேன்."

இதை மலாயில்தான் சொன்னேன். தமிழில் இன்னும் நன்றாக வரும். துரையின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று கண்டுபிடிக்க எனக்கு நேரமில்லை, மற்றதையும் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. இனி இரண்டு நாள் ஆட்டம் ஆடமாட்டேன், சனிக்கிழமை லீவு கேட்கமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொந்தம், அன்றைக்கு ஆடுவேன் என்றேன். என் ஓய்வு அறிவிப்பு அதுதான். கைதட்டல் இல்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

துரை எனக்கு எம்.சி. இல்லை என்றார். பொய்க்காக எச்சரிக்கைக் கடிதமும் உண்டு என்றார். அந்தப் பெண்ணை என் மனைவிக்குப் பக்கத்து நிரையில் போடச் சொன்னார். என்னை அதே காலோடு மலைக்கு அனுப்பினார். நானும் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி உட்கார்ந்து ஏறினேன். உண்மையாகவே விழப்பார்த்தேன் என்பதை இப்போது சொல்லலாம். மனைவி தன் மரங்களை முடித்துவிட்டு வந்து என் மரங்களில் பாதியை வெட்டினாள். காப்பியில் எனக்கு அதிகம் ஊற்றினாள்.

முனிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் என் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கினார் என்று பூசாரி சொல்லிவிட்டார். அந்த வருடம் அவருக்கு இரண்டு சேவல்.

மத்தியானம் பால் நிறுக்கும் இடத்தில் பெரிய கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒன்ன டீமுக்குள்ள கொண்டாந்தவன் நான். என்னையே காட்டிக் குடுத்துட்டல்ல? ஒன்னத் தூக்கிட்டேன் போ."

"டெஸ்ட்டுலேர்ந்து நானே வெலகிட்டேன் ஐயா, நீங்க தூக்க முடியாது. ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கு வருவேன். தூக்கணும்னா அங்க வந்து எல்லாரு முன்னாடியும் தூக்குங்க."

ஆறு வாரம் கழித்துப் போனேன். கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று என் காலையே பார்த்தாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும்.

எதிர்க்குழு ஆட வந்துவிட்டது. பெரிய கிராணி என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக இடம் காட்டி நிறுத்தினார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் தேடினார். வேகமாக வீச வேறு யாரும் இல்லை. கடைசியில் பந்தை என் பக்கம் உருட்டிவிட்டார். எடுத்துக்கொண்டேன். அவருக்கு என்னைப் பிடிக்காமல் போனது, என் பந்தை மட்டும் பிடித்தது. எனக்கு அது போதும்.

அந்த ஆட்டத்திலேயே, ஏழாவது ஓவரில், நேராக வந்த அடியைத் தடுக்கப் போய் வலது கை நடுவிரல் பிசகியது. பட்ட விரல்களோடு நிற்கவில்லை, இனி நடுவிரலாம். எல்லோரும் ஓடி வந்தார்கள். நானே விரலை இழுத்து விட்டுக்கொண்டு மிச்ச ஓவரை முடித்தேன்.

மறுநாள் விடியற்காலை, மலைக்குப் போகும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இத்தனை வருடத்தில் மலையில் விழாமல் அந்த ஆஸ்பத்திரிப் படியேறியது அன்றுதான். டிரஸ்ஸர் விரலைப் பார்த்தார், புத்தகத்தைத் திறந்தார், பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க விழுந்த?"

"கிளப் கிரவுண்டுல. பந்து பட்டுச்சு."

"அப்படி எழுதினா எம்.சி. கெடைக்காது லா. கத்தி புடிக்கிற கையி. ஒரு வாரம் வலிக்கும், தெரியும்ல?"

"தெரியும் ஐயா. எழுதுங்க."